ஒரு பதிவு கண்டெடுக்கப்பட்டது

குரங்கணி சாலையில் குறுக்கே தடுப்புக் கட்டை விழுந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் மலைக்குப் போகிறவர்கள் போனார்கள், வருகிறவர்கள் வந்தார்கள். இதில் ஒரு நெறி இல்லை என்பதைச் சென்னையில் யாரோ கண்டுபிடித்து, மலைச்சாலை நுழைவு நெறிப்படுத்தும் வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். போடி ஜனங்களுக்கு அவ்வளவு நீளப் பெயர் வாயில் நுழையவில்லை. 'நெறி ஆபீஸ்' என்றார்கள். வேகமாகச் சொல்லும்போது அது 'நரி ஆபீஸ்' என்று கேட்டது. வாரியம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

யூனுசுக்குக் குரங்கணிக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். போடியில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருஷம் ஏலக்காய் தரம் பிரித்துச் சேர்த்ததை எல்லாம் போட்டு வாங்கியது. சொந்தமாகப் பழைய ஜீப்பு ஒன்று உண்டு. வாரியம் வந்ததும் முதல் ஆளாகப் போய் இணையதளத்தில் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்ததாகச் செல்போனில் செய்தியும் வாங்கி வைத்திருந்தார். சட்டம் என்றால் அது வருவதற்கு முன்பே போய் நின்றுவிடுகிற மனிதர்.

புரட்டாசி பிறந்த வாரம், இரண்டாவது எடுப்புக்குக் காய் முத்தியிருந்தது. காலை ஆறு மணிக்கு ராக்குவையும் அவள் கூட்டத்துப் பெண்கள் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு யூனுஸ் கட்டைக்கு முன்னால் போய் நின்றார். காவலுக்கு இருந்த தங்கபாண்டி கையிலிருந்த டேப் கணினியில் அவருடைய போன் நம்பரைத் தட்டினான். பார்த்தான். டேப்பைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"பாய், நீங்க இருக்கீங்க. ஆனா தெரியல."

"என்னப்பா சொல்ற?"

தங்கபாண்டி டேப்பைத் திருப்பிக் காட்டினான். மேலே பச்சை எழுத்தில் 'ஒரு பதிவு கண்டெடுக்கப்பட்டது' என்றிருந்தது. அதன் கீழே பெயர், நில எண், அனுமதி எண் என்று அழகாகக் கட்டம் போட்டுத் தலைப்பு. தலைப்புக்குக் கீழே வெள்ளை.

"கண்டெடுத்திருச்சுல்ல? அப்புறம் என்ன?"

"கண்டெடுத்தத எங்க வச்சதுன்னு தெரியலையே பாய். இந்த வாரத்துலருந்து அனுமதி எண்ணை நான் நோட்டுல ஏத்தணும். எண் இல்லாம கட்டையத் தூக்குனா என் சோலி போயிரும்."

அப்போது பின்னால் வந்து நின்றது சுருளிவேலின் ஜீப்பு. சுருளிவேல் தன் பத்து ஏக்கருக்கு ஏழு முறை விண்ணப்பித்திருந்த ஆள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு புரோக்கர் செய்து கொடுத்தது. தங்கபாண்டி அவன் நம்பரைத் தட்டியதும் 'ஏழு பதிவுகள் கண்டெடுக்கப்பட்டன' என்று வந்து, கீழே ஆறு வரிசை கட்டி நின்றன. தங்கபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் தெரிந்த எண்ணை எழுதிக்கொண்டு கட்டையைத் தூக்கினான்.

யூனுசின் ஜீப்பு திரும்பியது. ராக்கு வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். "ஏண்ணே, ஒழுங்கா ஒரு தடவ எழுதிக் குடுத்தவுகளுக்கு வழி இல்லையா? இது எந்த ஊரு ஞாயம்?"

அன்றே யூனுஸ் நெறி ஆபீசுக்குப் போனார். அங்கே கலையரசி என்ற அலுவலர், பிரச்சனையைப் பொறுமையாகக் கேட்டு, "இருப்புச் சான்று வாங்கிட்டீங்கன்னா சரியாயிரும்" என்றார். இருப்புச் சான்று என்பது பதிவு இருப்பதை வாரியமே சான்றளிப்பது. அதை எங்கே வாங்குவது? இங்கேதான். எப்படித் தருவீர்கள்? அதே இணையதளத்திலிருந்து அச்செடுத்து.

மூன்று நாள் கழித்துச் சான்று கிடைத்தது. வாரியத்தின் முத்திரைக்குக் கீழே, 'கீழ்க்கண்ட விவரங்கள் அனைத்தும் எம்மால் நேரில் சரிபார்க்கப்பட்டு உண்மையெனக் காணப்பட்டன' என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வெறும் இடம். அதற்குக் கீழே மூன்று அதிகாரிகளின் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்காரர் பச்சை மையில் 'திருத்தம் ஏதுமில்லை' என்றும் எழுதியிருந்தார்.

யூனுஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி அலிமாவிடம் காட்டினார். அலிமா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எதையோ சரிபாத்திருக்காக. எதைன்னுதான் தெரியல."

"வெளையாடாத அலிமா. அங்க காய் பழுத்துக்கிட்டு இருக்கு."

சான்றைத் தங்கபாண்டியிடம் காட்டியதில் அவன் பயந்துபோனான். வெற்றுச் சான்றில் மூன்று கையெழுத்து இருந்தால் அது பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நினைத்து, மேலிடத்துக்கு எழுதினான். மேலிடம் ஒரு குழு அமைத்தது. வெற்றிட ஆய்வுக் குழு என்று பெயர். மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்து யூனுசின் பக்கத்தைத் திரையில் திறந்து, வெள்ளையாக இருந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். நீளம் பதினாறு சென்டிமீட்டர், அகலம் ஒன்றரை. ஒரு பதிவு இருப்பதற்கு இந்த இடம் போதுமானது, எனவே வாரியத்தின் தரப்பில் குறைபாடு இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டு, போடியில் ஏலக்காய் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

யூனுஸ் இனிப் பெரியவரையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். பெரியவர் என்றால் வாரியத்தின் துணை இயக்குநர் சூர்யபிரகாஷ். நாற்பது வயது, நல்ல உயரம், பேச ஆரம்பித்தால் மேடை இல்லாவிட்டாலும் மேடை இருப்பது போலப் பேசுவார். தன் இணையதளத்தின்மேல் அவருக்கு இருந்த பாசம் ஊருக்கே தெரியும்.

"உட்காருங்க பாய். உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா ஒரு விஷயத்தை நீங்க புரிஞ்சுக்கணும். கணினி பொய் சொல்லாது. ஏன்னா அதுக்கு நாங்க எதுவுமே சொல்லிக் கொடுக்கல. சென்னையில ஒரு கம்பெனி செஞ்சு கொடுத்தாங்க, நாங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டோம். இன்னிக்கு வரைக்கும் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அதைத் தொட்டதில்ல. அவ்வளவு தூய்மையா வச்சிருக்கோம்."

"சார், என் பேரு அதுல தெரியலைங்க."

"தெரியலைன்னு ஏன் சொல்றீங்க? வெளிப்படைத்தன்மைன்னு சொல்லுங்க. உங்க பக்கத்துல மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த மாவட்டத்துல இப்படி எத்தனை பேர் சொல்லிக்க முடியும்?"

யூனுஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். சூர்யபிரகாஷ் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, உங்களுக்காகச் சொல்றேன். இன்னொரு தடவை விண்ணப்பிச்சிருங்க. ரெண்டு தடவை விண்ணப்பிச்சவங்க எல்லாருக்கும் தெரியுது. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா தெரியுது."

"விண்ணப்பத்துக்கு அடியில உறுதிமொழி இருக்கே சார். இதே நிலத்துக்கு இதுக்கு முன்னால விண்ணப்பிக்கலைன்னு உறுதி கூறுகிறேன், பொய்யின்னா அத்தனை அனுமதியும் ரத்துன்னு. நான் ஏற்கனவே விண்ணப்பிச்சிருக்கேனே."

"அதைப் படிச்சீங்களா?" துணை இயக்குநர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நான்தான் எழுதினேன். இதுவரைக்கும் யாரும் படிச்சதாச் சொன்னதில்ல."

அடுத்த வாரம் வாரியமே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு 'மறு விண்ணப்பப் பெருமுகாம்' நடத்தியது. ஒற்றைப் பதிவோடு தவித்துக்கொண்டிருந்த நூற்று நாற்பது சொச்சம் பேரும் வரிசையில் நின்றார்கள். மக்களுக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று சூர்யபிரகாஷே, அவருக்கு மாமனார் மலையில் எழுதிக் கொடுத்திருந்த ஐந்து ஏக்கருக்கு, எல்லோர் முன்னிலையிலும் இரண்டாவது விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"நாலே மாதத்தில் நம் வாரியத்தின் விண்ணப்பங்கள் இரட்டிப்பாகியிருக்கின்றன! ஒருவர் நம்மைத் தேடி இரண்டாம் முறை வருகிறார் என்றால், முதல் முறை எவ்வளவு திருப்தி அடைந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்!"

கைதட்டல் எழுந்தது. யூனுஸ் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஊரே போயிருக்கு. நீங்க மட்டும் ஏன் வெரைச்சுக்கிட்டு நிக்கிறீக?" என்றாள் அலிமா. கோபமாகத்தான் கேட்டாள். அந்த மூன்று ஏக்கருக்கு அவளுடைய வளையல்களும் போயிருந்தன.

"பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"அவுகளே போடச் சொல்றாகல்ல?"

"அவுக சொன்னா அது உண்மையாயிருமா?"

அலிமா கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் யூனுஸ் ஒற்றையடிப் பாதையில் நடந்தே மலைக்குப் போனார். வாரியம் சாலையைத்தான் பூட்டியிருந்தது. அந்தப் பாதை இருப்பது வாரியத்துக்குத் தெரியாது, அது கணினியில் இல்லை. நாலு மணி நேர ஏற்றம். ஒன்பது பேரைக் கூட்டிப்போய் மூட்டை இறக்குகிற பாதை இல்லை அது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு வாசனையே சொல்லிவிட்டது. செடியின் தூரில் படர்ந்து கிடந்த சரங்களில் பாதிக் காய் மஞ்சளாகி வெடித்திருந்தது. அணில் கடித்துத் துப்பிய தோல் வழியெல்லாம். யூனுஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தார். ஒற்றை ஆள் எவ்வளவு எடுக்க முடியும்? மத்தியானம் வரை எடுத்ததைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நெறி ஆபீசுக்குப் போனார். என்ன கேட்பது என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. போகவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஆபீசில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மூலையில் ஒரு பெண் மட்டும் கணினிமுன் இருந்தாள். முத்துப்பிரியா. சிலமலைக்காரி, கணினி படித்தவள், ஒப்பந்தத்தில் வந்து ஆறு வாரம் ஆகிறது. டைப் அடிக்கத்தான் அவளை எடுத்திருந்தார்கள். தோளில் ஏலக்காய் மூட்டையோடு சேறு படிந்து நின்றவரைப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"யூனுஸ் மாமாதானே? உங்க வெற்றிடத்தை நான் பாத்துட்டேன். தப்பு எங்கன்னு தெரியும்."

யூனுஸ் உட்காரவில்லை. "தெரியுமா?"

"டேட்டாபேஸ்கிட்ட ஒரு நம்பரைக் கேட்டா பதிலைக் கட்டா குடுக்கும் மாமா. அந்தக் கட்டுலருந்து 'எடு'ன்னு சொன்னா ஒண்ணு வரும். மறுபடி 'எடு'ன்னா அதுக்கு அடுத்தது வரும். எடுத்தது திரும்பக் கட்டுக்குள்ள போகாது. இத எழுதினவரு, கட்டுல ஏதாச்சும் இருக்கான்னு பாக்கறதுக்காகச் சும்மா ஒரு தடவ 'எடு'ன்னு எழுதிட்டாரு. அதுக்கப்புறம் 'தீர்ற வரைக்கும் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டு'ன்னு எழுதியிருக்காரு. மொதல்ல எடுத்தத யாருமே காட்டல."

"ஒண்ணே ஒண்ணு இருந்தா?"

"அது அந்த மொதத் தடவையிலயே போயிரும். காட்ட ஒண்ணும் மிச்சமிருக்காது. எண்ணிக்கை வேற எடத்துலருந்து வர்றதால, மேல மட்டும் ஒண்ணு இருக்குன்னு காட்டும். ஏழு இருந்தா ஆறு தெரியும்."

யூனுஸ் யோசித்தார். "அப்ப என்னைய எடுத்துட்டாக. இப்ப நான் யாரு கையில இருக்கேன்?"

"யாரு கையிலயும் இல்ல மாமா. எடுத்துக் கீழ போட்டாச்சு."

"சரி பண்ண எத்தனை நாளாகும் ஆத்தா?"

"ஒரு வரி. அழிச்சாப் போதும்." முத்துப்பிரியா வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "ஆனா நான் அழிக்கக் கூடாது. தவறு திருத்தம்னா சென்னை அனுமதி வேணும், மூணு மாசம். அதுக்கும் முன்னால தவறு இருக்குன்னு துணை இயக்குநர் எழுதிக் குடுக்கணும். மூணு தடவ கேட்டுட்டேன். குழுவே குறை இல்லைன்னு சொல்லிருச்சேங்கறாரு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, அவள் மேசையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினாள். வரும் வாரம் தூய்மை வாரம். ஒவ்வொரு அலுவலகத்தின் தலைவரும் தேவையற்ற ஒன்றைத் தம் கையாலேயே நீக்கி, புகைப்படம் எடுத்து அனுப்பவேண்டும். நீக்கலாம், எதையும் சேர்க்கக் கூடாது.

"போன வருசம் எல்லா ஆபீசுலயும் தொடப்பத்தைப் புடிச்சுக்கிட்டுப் படம் எடுத்தாங்களாம். நம்ம சாருக்கு வேற மாதிரி ஏதாச்சும் செய்யணும்னு ஆசை. இணையதளத்துலயே ஒரு வரியைக் கூட்டிப் பெருக்கலாமான்னு நான் கேட்டுப் பாக்கறேன்."

சூர்யபிரகாசுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. மாவட்டத்திலேயே முதல் மின்னணுத் தூய்மைப் பணி என்று பேனர் வைத்தார். விழாவுக்கு யூனுசும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கணினிக்கு மாலை போட்டிருந்தார்கள். சாமந்திப்பூ விசைப்பலகையை மறைத்ததால் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, முத்துப்பிரியா ஒரு வரியை நீலமாக்கிக் காட்டினாள்.

"இது என்னம்மா வரி?" என்று மைக்கிலேயே கேட்டார் துணை இயக்குநர்.

"தேவையில்லாத வரி சார். மொதல்ல வர்றவங்களத் தூக்கி எறியுது."

"கேட்டீர்களா? நமக்குத் தேவையில்லாத வரி!" என்று முழங்கினார் அவர். "நான்கு மாதமாக நம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு தூய்மை வாரம் வேண்டியிருந்தது. இதிலிருந்தே தெரியவில்லையா, தூய்மை வாரம் எவ்வளவு வெற்றி என்று?"

விசையைத் தட்டினார். புகைப்படக்காரர் தவறவிட்டதால், மறுபடி தட்டுவதுபோல நின்றார். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

மறுநாள் காலை யூனுஸ் ராக்கு கூட்டத்தோடு கட்டைக்கு வந்தபோது, அவருக்கு முன்னால் பதினெட்டு ஜீப்பு நின்றது. ஒன்றும் நகரவில்லை. தங்கபாண்டியைச் சுற்றி ஒரே கூச்சல். இரண்டு முறை விண்ணப்பித்திருந்தவர்களுக்கு இப்போது இரண்டு பதிவும் முழுசாகத் தெரிந்தன. ஒரே நிலத்துக்கு இரண்டு பதிவு திரையில் வந்தால் இரண்டையும் ரத்து செய்யும் ஏற்பாடும் அதே இணையதளத்தில் முதலிலிருந்தே இருந்தது. இத்தனை நாள் ரெட்டை விண்ணப்பக்காரர்களுக்கு ஒன்றுதான் தெரிந்துகொண்டிருந்தது, அதனால் அதற்கு வேலை வரவில்லை. சுருளிவேலின் ஆறும் எப்படித் தப்பித்தன என்று கேட்டால், புரோக்கர்கள் ஆளுக்கொரு நில எண்ணைப் போட்டிருந்தார்கள். ஏழாவது ஆள் சோம்பேறி, முதல் ஆளின் எண்ணையே போட்டுத் தொலைத்திருந்தான். அதுவும் இன்று வெளியே வந்து, ஒரு நம்பரில் ஒன்று கெட்டால் அத்தனையும் கெட்டது என்ற விதிப்படி ஏழும் சிவப்பாகிக் கிடந்தன.

தங்கபாண்டி யூனுசின் நம்பரைத் தட்டினான். ஒரு பதிவு கண்டெடுக்கப்பட்டது. கீழே அவர் பெயர், நில எண், அனுமதி எண். எல்லாம் பச்சை.

"பாய்! தெரியிறீங்க பாய்!"

யூனுஸ் டேப்பைக் கையில் வாங்கித் தன் பெயரைப் பார்த்தார். தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

கட்டை மேலே எழுந்தது. ஆனால் முன்னால் நின்ற பதினெட்டு ஜீப்பிலும் இருந்தவர்கள் இறங்கி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேர் தோட்டத்திலும் காய் வெடித்துக்கொண்டிருந்தது. சுருளிவேல்தான் அனுமதியில் இருந்த நிபந்தனையைக் கண்டுபிடித்தான். 'அனுமதிதாரரும் அவருடன் செல்லும் பணியாளர்களும்' என்றிருந்தது. எத்தனை பணியாளர்கள் என்று இல்லை.

"மாமா, எங்களையெல்லாம் ஒங்க கூலியாளுன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்த."

"நீங்க என் கூலியாளு இல்லையே."

"சும்மா சொல்லுங்க மாமா!"

"சும்மா சொல்ல மாட்டேன் மாப்ளே. வேணும்னா உண்மையாவே கூலியாளா வாங்க. மொதல்ல என் மூணு ஏக்கர்ல எறங்கிக் காய் எடுக்கணும். கூலியும் குடுப்பேன். அதுக்கப்புறம் அவுக அவுக தோட்டத்துக்குப் போங்க."

பதினெட்டு ஜீப்பிலும் வந்திருந்த நூற்று நாற்பது பேரும் சரி என்றார்கள். தங்கபாண்டி நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக எழுத ஆரம்பித்தான். எழுபதைத் தாண்டும்போது வாரியத்தின் வெள்ளைக் கார் வந்து நின்றது. சூர்யபிரகாஷ் இறங்கினார். மாமனார் எழுதிக் கொடுத்த தோட்டத்தில் அன்று எடுப்பு. ஏழு மணிக்குள் ஆள் போய்ச் சேரவில்லை என்று மாமனார் மூன்று முறை போன் பண்ணியிருந்தார்.

"தங்கபாண்டி, கட்டையைத் தூக்கு."

தங்கபாண்டி எழுந்து நின்று, மரியாதையாக அவர் நம்பரைத் தட்டினான். இரண்டு பதிவுகள் கண்டெடுக்கப்பட்டன. இரண்டும் சிவப்பு.

"சார், வாய்மொழி உத்தரவுக்குத் தூக்கக் கூடாது, திரையில தெரியிறதுதான் செல்லும்னு நீங்கதான் சார் சுற்றறிக்கை அனுப்பியிருக்கீங்க. செவுத்துல ஒட்டியிருக்கேன்."

துணை இயக்குநர் காவல் அறையின் சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்துத்தான். முத்துப்பிரியாவுக்குப் போன் போட்டு, நேற்று அழித்த வரியைத் திரும்பப் போடச் சொன்னார். தூய்மை வாரம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது சார், நீக்கலாம், சேர்க்கக் கூடாது என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. போன் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்வதற்குள் மாமனாரிடமிருந்து நாலாவது அழைப்பு வந்துவிட்டது.

சூர்யபிரகாஷ் யூனுசிடம் வந்தார். முதல்முறையாக மேடை இல்லாத குரலில் பேசினார்.

"பாய், என்னையும் எழுதிக்கச் சொல்லுங்க."

யூனுஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். சொல்வதற்கு மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது. "வெரசா ஏறுங்க சார், வெயில் ஏறிட்டா காய் எடுக்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

"பேரு?" என்றான் தங்கபாண்டி, பேனாவோடு.

"சூர்யபிரகாஷ்."

"மலையில என்ன சோலி?"

துணை இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"காய் எடுப்பு."

ஜீப்பின் பின்பக்கம் சாக்குகளின்மேல் ராக்குவுக்கு எதிரே அவருக்கு இடம் கிடைத்தது. வண்டி முதல் வளைவைத் திரும்பியபோது ராக்கு ஒரு கூடையை அவர் மடியில் வைத்தாள்.

"கயித்த இடுப்புல கெட்டியாக் கட்டிக்கய்யா. முத்துன காயி மட்டுந்தேன் எடுக்கணும். பிஞ்சப் பறிச்சே, சாயங்காலம் ஒனக்குக் கூலி கெடையாது."